வாதம்னா எந்த வாதம்?

வழக்கமா இங்க ஒரு போர், ஒரு ஊர், இல்லைன்னா ஒரு கண்டுபிடிப்புன்னு எதையாவது எடுத்துக்கிட்டு அதோட வரலாற்றைப் பேசுவோம். இந்த எபிசோடில் ஒரே ஒரு சொல்லின் வரலாறு. வாதம். பக்கவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளை வாதம்னு நாம அடிக்கடி கேக்குற அந்த வாதம்.

ஏன் இந்தச் சொல்லுன்னு முதல்லயே சொல்லிடறேன். அதை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதால எங்க வீட்டுல மூணேகால் மணி நேரம் வீணாப் போச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. தாத்தாவும் அப்பாயியும் துறையூர் பக்கம் ஒரு கிராமத்துல இருக்காங்க. நான் சென்னையில. காலை 7 மணி 5 நிமிஷத்துக்கு அப்பாயிகிட்ட இருந்து போன். "தம்பி, தாத்தாவுக்கு வாதம் ஜாஸ்தியாயிருச்சு. கால் எந்திரிச்சு நிக்க மாட்டேங்குது."

எங்க வீட்டுல வாதம்னா தாத்தாவோட முழங்கால் வலி. பத்து வருஷமா அப்படித்தான். மழை வந்தா வாதம், கத்திரிக்காய் சாப்பிட்டா வாதம், ராத்திரி பஸ்ல வந்தா வாதம். அதனால நான் யோசிக்கவே இல்லை. "தைலம் தேய்ச்சு விடுங்க அப்பாயி, அந்த வலி மாத்திரை ஒண்ணு குடுங்க, பத்து மணிக்கு மேல கூப்பிடறேன்"னு சொல்லிட்டு குளிக்கப் போயிட்டேன். அன்னைக்கு ஒரு ரிலீஸ் இருந்தது.

10 மணி 20க்கு சித்தப்பா கூப்பிட்டார். தோட்டத்துல இருந்து வந்து பார்த்திருக்கார். "டேய், வாய் ஒரு பக்கம் கோணிக் கெடக்குடா. பேச்சு வரல. வலது கை தூக்கல." கார் பிடிச்சு திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தப்போ 12 மணி தாண்டியிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?" காலை 6 மணிக்குப் பால்காரர்கிட்ட நின்னு பேசியிருக்கார். டாக்டர் மணியைப் பார்த்தார். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிடுச்சுன்னு சொன்னார்.

அப்பாயி பொய் சொல்லலை. அவங்க சொன்ன சொல் தப்பும் இல்லை. அவங்க பக்கவாதத்தைச் சொன்னாங்க, நான் மூட்டு வலியைக் கேட்டேன். ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே பேர். அந்தப் பேர் எங்க இருந்து வந்ததுன்னு நான் தேட ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

காற்றின் பெயர்

நாம எழுதுற 'வாதம்' உண்மையில் ரெண்டு சொல். வடமொழியில் 'வாத' என்றால் காற்று. 'வாத்' என்று மென்மையாக ஒலிக்கிற இன்னொரு சொல் பேச்சு, வழக்கு, கொள்கை. ரெண்டும் தமிழுக்கு வந்தப்போ எழுத்துல ஒண்ணாயிடுச்சு. விவாதம், பிடிவாதம், உத்தரவாதம் எல்லாம் பேச்சு வகை. பக்கவாதம், முடக்குவாதம் எல்லாம் காற்று வகை.

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் உடம்பை நடத்துவது வாதம், பித்தம், கபம் என்ற மூன்று. இதில் அசைவுக்குப் பொறுப்பு வாதம். கை நீட்டுவது, கால் மடக்குவது, மூச்சு விடுவது, எல்லாம் அந்தக் காற்றோட வேலை. அதனால அசைவில் எந்தக் குறை வந்தாலும் அது வாத நோய். சரக சம்ஹிதை வாத நோய்களை 80 என்று கணக்கிடுகிறது. அந்த அமைப்புக்குள்ள பார்த்தா இது ரொம்ப ஒழுங்கான வகைப்பாடு. மூட்டு இறுகினாலும் வாதம், கை செயலிழந்தாலும் வாதம். ரெண்டுலயும் அசைவு போகுதே!

சிக்கல் எப்ப வந்ததுன்னா, அந்த அமைப்புல இருந்து பேரை மட்டும் எடுத்து வேற மருத்துவத்தோட நோய்களுக்கு ஒட்டினப்போ. இப்ப நம்மகிட்ட இருக்கிற பட்டியலைப் பாருங்க.

பக்கவாதம். உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது. பக்கம்னா இங்க வலப்பக்கம், இடப்பக்கம். பழைய ஆளுங்க இதையே பாரிசவாயு என்பார்கள். பாரிசம் என்றாலும் பக்கம்தான், வாயு என்றாலும் காற்றுதான்.

முகவாதம். முகத்தின் தசைகளை இயக்குகிற நரம்பில் வரும் பிரச்சினை. சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1821ல் அந்த நரம்பைப் பற்றி விளக்கினார். ஆங்கிலத்தில் இன்னைக்கும் அவர் பேர்லதான் இந்த நோயைச் சொல்றாங்க. பெரும்பாலானவர்களுக்கு இது வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும்.

இளம்பிள்ளை வாதம். போலியோ. ஒரு வைரஸ், தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பு செல்களைக் கொல்வது.

நடுக்குவாதம். பார்க்கின்சன் நோய். 1817ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதியபோது, நடுக்கத்தோட வர்ற செயலிழப்பு என்ற பொருளில் பேர் வைத்தார். பின்னாடி பாரிஸ் மருத்துவர் ஷார்கோ, இதில் செயலிழப்பே இல்லையே என்று சொல்லி, பார்க்கின்சன் பேரையே நோய்க்கு வைத்தார். ஆங்கிலம் மாத்திக்கிச்சு. தமிழ்ல வாதம் அப்படியே தங்கிடுச்சு.

கடைசியா முடக்குவாதம். இதுதான் எல்லாரையும் குழப்புற சொல். மருத்துவப் பக்கங்களில் இது பெரும்பாலும் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், அதாவது மூட்டு நோய். முடக்கறுத்தான் கீரைக்கு அந்தப் பேர் வந்ததே மூட்டு முடக்கை அறுக்கும் என்ற நம்பிக்கையில்தான். ஆனா மாற்றுத்திறனாளிகளுக்கான படிவங்களில் மூளை முடக்குவாதம் என்று இருந்தால், அது செரிப்ரல் பால்சி. பிறப்பின்போதோ அதற்கு முன்னும் பின்னுமோ வளரும் மூளைக்கு வந்த பாதிப்பு. மூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

எண்ணிப் பாருங்க. மூளையின் ரத்தக்குழாய், முக நரம்பு, தண்டுவடம், மூளையின் ஒரு வேதிப்பொருள் குறைவது, மூட்டுச் சவ்வு, வளரும் மூளை. ஆறு இடம், ஆறு காரணம், எல்லாத்துக்கும் வாதம். என் வேலையோட மொழியில சொன்னா, ஆறு வேற வேற பக்குக்கு ஒரே எரர் மெசேஜ் வருது. மெசேஜை மட்டும் பார்த்து ஃபிக்ஸ் பண்ணப் போனா, நான் அன்னைக்குத் தைலம் தேய்க்கச் சொன்ன மாதிரிதான் ஆகும். தாத்தா ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறமும் பக்கத்து வீட்டுல இருந்து முடக்கறுத்தான் தோசை வந்தது. "வாதத்துக்கு நல்லது"ன்னு. அன்போட வந்த தோசை, அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா மூளைக்குப் போற ரத்தத்துக்கும் அந்தக் கீரைக்கும் என்ன தொடர்பு?

அடியின் பெயர்

சரி, நம்ம ஊர்ல மட்டும்தான் இந்தக் குழப்பமான்னு பார்த்தா, இல்லை.

பாரலிசிஸ் என்பது கிரேக்கச் சொல். பக்கத்தில் தளர்ந்துபோவது, அவிழ்ந்துபோவது என்று பொருள். அதே சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்த் தேய்ந்து பால்சி ஆனது. பாரலிசிஸ், பால்சி ரெண்டும் ஒரே சொல்லோட ரெண்டு பிள்ளைகள்.

திடீர்னு ஒருத்தர் விழுந்து, பேச்சு மூச்சில்லாமல் கிடப்பதற்குக் கிரேக்கர்கள் வேறொரு சொல் வைத்திருந்தார்கள். அப்போப்ளெக்சி. அடித்து வீழ்த்துவது என்று பொருள். கடுமையான அப்போப்ளெக்சியைக் குணப்படுத்தவே முடியாது, லேசானதைக்கூடக் குணப்படுத்துவது சுலபமில்லை என்று ஹிப்போகிராட்டீஸ் பேரில் உள்ள தொகுப்பில் இருக்கிறது. இன்னைக்கு டாக்டர்கள் எழுதுற ஹெமிப்ளீஜியா என்ற சொல்லில் வரும் ப்ளீஜியாவும் அடி என்ற பொருள் கொண்டதே. அரை உடம்பில் விழுந்த அடி.

வடமொழியில் பக்கவாதத்துக்கு இன்னொரு பேர் பக்ஷாகாதம். பக்ஷம் என்றால் பக்கம், ஆகாதம் என்றால் அடி. அரபு மொழியில் இருந்து உருதுவுக்கு வந்த ஃபாலிஜ் என்ற சொல்லின் வேர், பாதியாகப் பிளப்பது. ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக். அதுவும் அடி. கடவுளின் கை அடித்தது என்ற பழைய எண்ணத்தில் இருந்து வந்தது.

நம்ம பேச்சு வழக்கைக் கேளுங்க. "வாதம் அடிச்சிருச்சு." "காத்து அடிச்சிருச்சு." காற்றும் நம்மகிட்ட இருக்கு, அடியும் இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்திராத மக்கள் எல்லாரும் இதை அடின்னுதான் நினைச்சிருக்காங்க. ஏன்னா வெளியில் இருந்து பார்த்தா அது அப்படித்தான் தெரியும். நல்லா நின்ன மனுஷன், யாரும் தொடாம, ஒரு பக்கமா விழுறார். உள்ள என்ன நடந்ததுன்னு பார்க்க யாருக்கும் வழி இல்லை.

மண்டைக்குள் பார்த்தவர்

வழி கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரத்து மருத்துவர். அதுவரை இருந்த கருத்து ரோமானியக் காலத்து மருத்துவர் கேலனுடையது. மூளையின் அறைகளில் கபம் போன்ற திரவம் தேங்குவதால் அப்போப்ளெக்சி வருகிறது என்பது அது. 1628ல் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று காட்டியிருந்தார். வெப்ஃபர் அதைப் படித்தவர். இந்த நோயில் இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்தார். உள்ளே ரத்தம் கசிந்து உறைந்து கிடந்தது. 1658ல் புத்தகமாக வெளியிட்டார். மூளைக்குள் ரத்தம் கசிவதாலும், மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவதாலும் இது வரலாம் என்றார்.

யோசிச்சுப் பாருங்க. கை விழுந்து கிடக்கு, ஆனா கோளாறு கையில் இல்லை. அதுவும் எதிர்ப்பக்கத்து மூளையில். தலையில் ஒரு பக்கம் அடிபட்டால் உடம்பின் மறுபக்கம் செயலிழக்கிறது என்று கப்படோக்கியாவின் அரேட்டியஸ் பழங்காலத்திலேயே எழுதியிருந்தார். அதற்கான காரணம், நரம்பு இழைகள் மூளைத்தண்டின் அடியில் இடம் வலமாகக் குறுக்கே கடப்பதை, 1709ல் மிஸ்டிகெல்லி என்ற இத்தாலியரும் 1710ல் பூர்ஃபோர் டு பெட்டி என்ற பிரெஞ்சுக்காரரும் விவரித்தார்கள்.

அதாவது 300 வருஷத்துக்கு முன்னாடியே விஷயம் தெரிஞ்சுபோச்சு. இது கை கால் நோய் இல்லை, மூளையின் ரத்தக்குழாய் நோய். ஆனா ஆங்கிலமும் தமிழும் பேரை மாத்தலை. ஆங்கிலம் இன்னைக்கும் அடி என்கிறது, தமிழ் காற்று என்கிறது. அதனால இன்னைக்கும் வீட்டுல ஒருத்தருக்கு வந்தா நம்ம கண்ணு கையையும் காலையும்தான் பார்க்குது. தேய்க்கிறோம், உருவி விடுறோம், நீவி விடுறோம்.

ரெண்டு ஜனாதிபதிகள்

பேர் தப்பாப் போனா என்ன ஆகும்கிறதுக்கு அமெரிக்காவுல அடுத்தடுத்து ரெண்டு கதை இருக்கு.

1919 அக்டோபர் 2. ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அவருடைய மருத்துவர் கிரேசன் வெளியே சொன்னது நரம்புத் தளர்ச்சி. மாதக்கணக்கில் நாட்டு மக்களுக்கு உண்மையான சொல் சொல்லப்படவில்லை. யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் காகிதம் அவரிடம் போகலாம் என்று மனைவி ஈடித் முடிவு செய்தார். அதே மாதங்களில்தான் முதல் உலகப் போரை முடிக்கும் வெர்சாய் ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் தோற்றது. 1919 நவம்பரில் ஒரு முறை, 1920 மார்ச்சில் ஒரு முறை. வில்சன் நல்லா இருந்திருந்தா ஜெயிச்சிருக்குமான்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா ஒரு நாட்டின் தலைவர் வேலை செய்ய முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்குத் தெளிவான விதி, 1967ல் வந்த 25ஆவது சட்டத்திருத்தத்தில்தான் எழுதப்பட்டது.

1920 ஜூலையில் ஒரு இளைஞர் தன் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக வில்சனைப் பார்க்கப் போனார். சக்கர நாற்காலியில், செயலிழந்த கை மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார் வில்சன். அந்த இளைஞர் பேர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

அடுத்த வருஷம், 1921 ஆகஸ்ட். கனடாவில் கேம்போபெல்லோ தீவில் விடுமுறைக்குப் போன ரூஸ்வெல்ட்டுக்குக் காய்ச்சல் வந்து, ரெண்டு காலும் செயலிழந்தது. வயது 39. அவரைப் பார்த்த புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் கீன், தண்டுவடத்தில் ரத்தக்கட்டி என்று நினைத்து, காலை நன்றாகப் பிடித்துவிடச் சொன்னார். வீட்டில் இருந்தவர்கள் நாள்கணக்கில் பிடித்துவிட்டார்கள். அது அவருக்குக் கடும் வலியைத்தான் கொடுத்தது. ஆகஸ்ட் 25ல் லவெட் என்ற மருத்துவர் வந்து, இது இளம்பிள்ளை வாதம் என்றார். பிடித்துவிடுவதை நிறுத்தச் சொன்னார். குழந்தைகளுக்கு வருவது என்று பேரிலேயே எழுதியிருக்கும் நோயை 39 வயது ஆளிடம் சந்தேகப்படத் தாமதமானதில் ஆச்சரியம் இல்லை. அது போலியோ இல்லை, கில்லன்-பாரே என்ற வேறு நரம்பு நோயாக இருக்கலாம் என்று 2003ல் ஒரு ஆய்வுக் குழு வாதாடியது. பேர் பற்றிய சண்டை இன்னும் முடியலை.

ரூஸ்வெல்ட் அந்தக் கால்களோடயே நாலு தடவை ஜனாதிபதியானார். 1944 மார்ச்சில் அவரைப் பரிசோதித்த இதய மருத்துவர் புரூயன் பார்த்த ரத்த அழுத்தம் 186க்கு 108. 1945 ஏப்ரல் 12, தலையின் பின்பக்கம் கடுமையான வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300க்கு 190. மூளையில் ரத்தக்கசிவு. வயது 63.

இதைத் தமிழ்ல சொன்னா என்ன சொல்வோம்? இளம்பிள்ளை வாதத்துல கால் போச்சு, பக்கவாதத்துல உயிர் போச்சு. ரெண்டும் வாதம். கேக்குறவருக்கு ஒண்ணோட தொடர்ச்சி இன்னொண்ணு மாதிரி இருக்கும். ஆனா முதல்ல வந்தது வைரஸ் என்று அன்று நம்பப்பட்டது, ரெண்டாவது ரத்தக் கொதிப்பு. முதலாவதுக்கு அன்று மருந்தே இல்லை. பிறகு தடுப்பு மருந்து வந்தது. நம்ம நாட்டுல இயற்கையாப் பரவின கடைசி போலியோ, 2011 ஜனவரியில் ஹவுராவில். 2014 மார்ச் 27ல் இந்தியா போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு வாதம் நம்ம தெருவை விட்டே போயிடுச்சு. இன்னொரு வாதம் அப்படியே இருக்கு.

கடிகாரம் நுழைந்த கதை

இந்தச் சொல்லைச் சரியாப் பயன்படுத்தறது ஏன் இவ்வளவு முக்கியம்? நூறு வருஷத்துக்கு முன்னாடி அவ்வளவு முக்கியமா இல்லைன்னே சொல்லலாம். சரியாச் சொன்னாலும் செய்ய ஒண்ணும் இருக்கலை. அது ரெண்டு படியில் மாறியது.

முதல் படி 1971 அக்டோபர் 1. லண்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதுதான் சிடி ஸ்கேன். வெப்ஃபர் இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்ததை, உயிரோடு இருப்பவருக்கு நிமிடங்களில் பார்க்க முடிந்தது. ரத்தக்கசிவா, அடைப்பா என்று பிரிக்க முடிந்தது. வெளியில் ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். சிகிச்சை நேர் எதிர்.

ரெண்டாவது படி 1995. அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால், பிற்காலத்தில் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் வாய்ப்பு கூடுகிறது என்று ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. பிறகு பெரிய ரத்தக்குழாய் அடைப்பை வயர் விட்டு வெளியே எடுக்கும் முறை வந்தது. ஸ்கேனில் பொருந்தி வரும் சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். தாத்தாவுக்கு அடைத்தது சின்னக் குழாய், அதனால அந்த வழியும் பொருந்தலை.

அதாவது 1995க்குப் பிறகு இந்தச் சொல்லுக்குள்ள ஒரு கடிகாரம் வந்து உட்கார்ந்துடுச்சு. எங்க வீட்டுக் கணக்கு இதுதான். 6 மணிக்கு நல்லா இருந்தார். நாலரை மணி நேரம்னா 10:30. அப்பாயி 7:05க்கே கூப்பிட்டாங்க. நான் அப்பவே புரிஞ்சிருந்தா ஒன்பது, ஒன்பதரைக்குள்ள திருச்சி போயிருக்கலாம். ஊசி போட்டா முழுசாச் சரியாகியிருக்கும்னு யாரும் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்லலை. ஆனா ஒரு வாய்ப்பு இருந்தது. அதை நான் தைலத்துக்கு மாத்திக் குடுத்துட்டேன்.

அப்போ எப்படிச் சொல்றது?

நானா கத்துக்கிட்டதைச் சொல்றேன். நான் டாக்டர் இல்லை. இது மொழி பத்தின விஷயம், அவ்வளவுதான்.

மூட்டு வலியை மூட்டு வலின்னே சொல்லுங்க. "கால் வாதம்" வேண்டாம். எங்க வீட்டுல இப்ப அந்தச் சொல்லை முழங்காலுக்குப் பயன்படுத்துறதை நிறுத்திட்டோம்.

"பக்கவாதம் வந்தது" என்பதும் "பக்கவாதம் இருக்கிறது" என்பதும் வேற. முதலாவது ஒரு சம்பவம், அதுக்கு ஒரு நேரம் உண்டு. ரெண்டாவது அந்தச் சம்பவம் விட்டுட்டுப் போன நிலை. பத்திரிகைகள் ஸ்ட்ரோக்குக்கும் பக்கவாதம்னு எழுதுறாங்க, அதனால வர்ற செயலிழப்புக்கும் பக்கவாதம்னு எழுதுறாங்க. அதில் ஒரு ஆபத்து இருக்கு. கை கால் நல்லா இருந்தும் ஸ்ட்ரோக் வரலாம். திடீர்னு பேச்சு மட்டும் குழறலாம், பார்வை மட்டும் ஒரு பக்கம் போகலாம். "கை கால் நல்லாத்தானே இருக்கு, பக்கவாதம் எப்படி இருக்கும்?"னு வீட்டுல கேப்பாங்க. அந்த இடத்துல சொல்லே நம்மளை ஏமாத்துது.

"இழுத்துக்கிச்சு" என்பதும் அப்படித்தான். ஒரு ஊர்ல அது வலிப்பு, இன்னொரு ஊர்ல வாய் கோணுவது, இன்னொரு வீட்டுல மூச்சு இழுப்பு. ரெண்டு காலும் ஒரே நேரத்துல வரலைன்னா அது சாதாரணமா பக்கவாதம் இல்லை, தண்டுவடத்தைப் பார்ப்பாங்க. அதுவும் அவசரம்தான். முகம் மட்டும் கோணினா முகவாதமா இருக்கலாம். ஆனா அதை நீங்களும் நானும் வீட்டுல உட்கார்ந்து முடிவு பண்ணக் கூடாது.

அதனால போன்ல நோயோட பேரே சொல்ல வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்க, நேரத்தைச் சொல்லுங்க. இங்கிலாந்துல 1990களின் கடைசியில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக இதை நாலு விஷயமாச் சுருக்கினாங்க. முகம், கை, பேச்சு, நேரம். முகம் ஒரு பக்கம் தொங்குதா, ரெண்டு கையையும் தூக்கினா ஒண்ணு இறங்குதா, பேச்சு குழறுதா, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார். 108க்குச் சொல்ல இந்த ஒரு வாக்கியம் போதும்: "வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு, வலது கை தூக்க முடியலை, பேச்சு குழறுது, 6 மணிக்கு நல்லா இருந்தார்." இதுல வாதம்னு ஒரு சொல்கூட இல்லை. கேக்குறவருக்கு எல்லாமே புரியும்.

இன்னொண்ணு. அந்த நேரத்துல வாய்ல எதுவும் குடுக்காதீங்க. விழுங்குறதும் பாதிச்சிருக்கலாம், மூச்சுக்குழல்ல போயிடும். எங்க வீட்டுல சுக்குக் காபி குடுத்திருக்காங்க, நான் சொன்ன மாத்திரையோட சேர்த்து. அது மூளையில் ரத்தக்கசிவா இருந்திருந்தா, சில வலி மாத்திரைகள் நிலைமையை மோசமாக்கியிருக்கும். நல்லவேளை தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகலை.

ஆபீஸ்ல "சர்வர் டவுன், டீமே பேரலைஸ் ஆயிடுச்சு"ன்னு நானும் சொல்லிக்கிட்டு இருந்தவன்தான். முடங்கிப்போச்சு, ஸ்தம்பிச்சுப்போச்சுன்னு நல்ல சொற்கள் இருக்கு. நான் அதுக்கு மாறிட்டேன். யாரையும் திருத்தப் போறதில்லை.

தாத்தா இப்ப எப்படி இருக்கார்னு கேப்பீங்க. கோலை இடது கையில் பிடிச்சு நடக்கிறார். வலது கை இன்னும் சட்டைப் பொத்தான் வரைக்கும் போகலை. பேச்சு முக்கால்வாசி வந்துடுச்சு. ஆனா சில சொற்கள் மாறி வரும். தண்ணி வேணும்னா செம்புக்குப் பதிலா சாவி கேப்பார், அப்புறம் அவரே சிரிச்சுக்குவார். என்கிட்ட அந்தக் காலைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாயியும் கேட்டதில்லை.

போன மாசம் ஊருக்குப் போனப்போ, போன் பக்கத்துல மாட்டியிருக்கிற தினசரிக் காலண்டர் அட்டையில் அப்பாயி கரிக்கோலால எழுதி வெச்சிருந்ததைப் பார்த்தேன். முகம். கை. பேச்சு. மணி. கீழ 108. "நீதானப்பா போன்ல சொன்ன, மறந்துருவேன்னு எழுதி வெச்சேன்"னாங்க. உங்க வீட்டுக் காலண்டர்லயும் இடம் இருக்கும். இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஊருக்கு ஒரு போன் போடுங்க. உங்க வீட்டுல வாதம்னா எதைச் சொல்றாங்கன்னு கேளுங்க.